டவர் மரத்தில் முப்பத்தொரு பேர்

“ஆறாம் பாடி வீடெல்லாம் காலியா இருந்துச்சுன்னு உங்க மெஷின் சொல்லுது. அப்ப செத்தது யாரு மேடம்?”

“எபி, நான் அப்படிச் சொல்லல.”

“நீங்க சொல்லல. நீங்க எழுதுனது சொல்லுது.”

“கொஞ்சம் உக்காருங்க.”

“உக்காந்துதான் இருந்தேன். நாலு வாரமா கேட்டுக்கு வெளிய உக்காந்துதான் இருந்தேன். வாட்ச்மேன் தெனமும் டீ குடுத்தாரு. உள்ளதான் விடல.”

மிருதுளா மேடம் ஒரு நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் என் கோபம் இறங்கிவிடும் என்று பயமாக இருந்தது.

குயில்மேடு எஸ்டேட் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இந்த மாடியில்தான் தேயிலையைப் பரப்பி வாட்டுவார்கள். இன்னும் பலகைகளில் அந்த வாசனை போகவில்லை. இப்போது கீழே சைக்கிள் வாடகைக் கடையும் காபிக் கடையும் இருக்கின்றன. மேலே பசுந்தடம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை. யானைகளைத் தடங்களிலிருந்து விலக்கும் சிஸ்டத்தை மேடம் எழுதியது இங்கிருந்துதான். சுவர் முழுக்க ஒரு திரை. அதில் எங்கள் மலை கறுப்பாகப் படுத்திருக்கிறது. அதன்மேல் நீல நரம்புகள் போல ஒன்பது கோடுகள், மலை சைக்கிள் ஓட்டுபவர்களுக்கான ஒன்பது தடங்கள். அவற்றில் நான்கு நான் போட்டவை.

போட்டவை என்றால், காட்டிக் கொடுத்தவை. பள்ளிக்கூடத்துக்கு நடந்த வழி, விறகுக்குப் போன வழி, ஜீப் வராத நாளில் காய்ச்சல்காரனைத் தூக்கிக்கொண்டு இறங்கிய வழி. எங்கே வேர் வழுக்கும், எங்கே மழைக்குப் பின் மண் பிடிக்கும் என்று என் கால்களுக்குத் தெரியும். பசுந்தடம் எனக்கு ஒரு நல்ல சைக்கிளைக் கொடுத்து, கால்களுக்குத் தெரிந்ததை எல்லாம் வாங்கிக்கொண்டது. பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் ஆட்கள் வந்து என் இறக்கங்களில் கூச்சலிட்டுக்கொண்டு போவார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

“யானைய எங்கயாவது போகவிடணும்ல எபி,” என்றார் மேடம். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். “தடத்துல இருந்து நகர்த்துனா வேற எடத்துக்குத்தான் போகும். காத்துல கரைஞ்சிடாது. அதனால எந்தப் பக்கம் மனுஷங்க இல்லையோ அந்தப் பக்கம் போகவிடுன்னு எழுதுனேன். வெடி இல்ல, மின்வேலி இல்ல. ரெண்டு வருஷத்துல ஒரு யானைக்குக் கீறல் இல்ல. ஓட்டுறவங்கள்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நல்லதுன்னு நெனச்சுத்தான் எழுதுனேன்.”

“ஓட்டுறவங்களுக்கு ஒண்ணும் ஆகலதான்.”

அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இருநூறு மீட்டருக்கு ஒன்றாகத் தடம் நெடுக நிற்கும் பச்சைக் கம்பங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். இடுப்புயரம் இருக்கும். எங்கள் ஆட்கள் அவற்றுக்கு ஊமைக்கம்பம் என்று பெயர் வைத்திருந்தார்கள். யானைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஆழமான ஒலி மனிதக் காதுக்கு எட்டாதாம். கம்பம் அந்தக் குரலில் பேசும். முதல்முறை மேடம் விளக்கியபோது, “என்ன பேசும்?” என்று கேட்டேன். “இங்க வராதேன்னு” என்று சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு நானும் சிரித்தேன். பிறகு அதை நினைக்காத நாளில்லை. நாம் பிறந்த வீட்டின் ஒவ்வொரு மூலையிலிருந்தும், நம் அம்மாவின் குரலில், யாரோ இங்கே வராதே இங்கே வராதே என்று சொல்லிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்?

கம்பம் பேசுவதை நாங்கள் தண்ணீரில் பார்ப்போம். டம்ளர் தண்ணீரில் மெல்லிய வளையங்கள் நடுங்கும். நாய்கள் எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

“மனுஷங்க இல்லன்னு அதுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“ஃபோனை வச்சு. டவர் வழியாவும் தெரியும், கம்பங்களுக்குப் பக்கத்துல வந்தா கம்பங்களும் கண்டுபிடிக்கும். இப்ப ஃபோன் இல்லாம யாரு இருக்கா? எங்க ஃபோன் இருக்கோ அங்க ஆள் இருக்கு. அங்க தள்ளாது.”

“அன்னிக்குக் காலைல எங்காளுங்க எங்க இருந்தாங்களாம்?”

அவர் விசைப்பலகையில் எதையோ தட்டினார். திரையில் மலை சற்றுப் பெரிதானது. நான்கு வாரத்துக்கு முந்திய ஞாயிறு, காலை ஆறு மணி. மேட்டின் உச்சியில் ஒரே இடத்தில் மஞ்சள் புள்ளிகள் மொத்தமாக மின்னின. அருகில் ஓர் எண்: 31.

“இங்க,” என்றார். “எல்லாரும் இங்கதான். எப்பவும் இங்கதான் இருக்காங்க. எங்களுக்கே ஆச்சரியம். ராத்திரி பகல் இல்லாம அங்கயே கூடியிருக்காங்களே, ஏதோ கோயில்னு நெனச்சோம். அந்த எடத்தைச் சுத்தி ஸ்பெஷலாப் பாதுகாப்பு வளையம் போட்டேன் எபி. மலையிலயே ரொம்பப் பத்திரமான எடம் அதுதான். யானை அரைக் கிலோமீட்டர் கிட்டக்கூட வராது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாத சிரிப்பு. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

“அது மரம் மேடம்.”

“என்னது?”

“நாவல் மரம். டவர் மரம்னு சொல்லுவோம். கீழ பாடியில ஒரு புள்ளி சிக்னல் கிடையாது. அதனால எல்லார் ஃபோனும் அந்த மரத்துலதான் தொங்கும். பையில போட்டு, ஆணியில. பைக்குப் பை பேர் தச்சிருக்கும். நீங்க காவல் காத்தது எங்களை இல்ல. மரத்தை.”

அவர் வாயில் கை வைத்துக்கொண்டார்.

பாடி என்று நாங்கள் சொல்வது எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளை. ஆறாம் பாடியில் பதினாலு வீடுகள். எஸ்டேட்டை மூடிவிட்டு முதலாளி போன பிறகும் நாங்கள் போகவில்லை. போக வேறு இடம் இல்லை. அங்கே ஃபோன் என்பது வீட்டில் வைக்கும் பொருள் அல்ல. மரத்தில் வைக்கும் பொருள். வீட்டுக்கு ஒருவராக முறை போட்டு மரத்தடியில் உட்காருவோம். ஃபோன் அடித்தால் முறைக்காரர் எடுத்து, இருக்கச் சொல்லிவிட்டு, பள்ளத்தைப் பார்த்துக் கூவுவார். காற்று அடங்கியிருந்தால் கீழே எல்லோருக்கும் கேட்கும். யாருக்கும் ரகசியம் கிடையாது.

“ஏ செல்லத்துரை! கஸ்டமர் கேர்ல இருந்து ஒரு பொம்பளப்புள்ள பேசுது!”

“குளிச்சிட்டு வர்றேன், இருக்கச் சொல்லுக்கா!”

என் அக்கா ஜெபக்கனிதான் நன்றாகக் கூவுவாள். மற்றவர்களின் முறையையும் அவளே வாங்கிக்கொள்வாள். கீழே தையல் மெஷினில் குனிந்து கிடப்பதைவிட மேலே உட்கார்ந்து ஊரைக் கூப்பிடுவது அவளுக்குப் பிடித்திருந்தது. மரத்தடியில் என் பழைய சைக்கிளைச் சாத்தி வைத்திருந்தேன். கம்பெனி சைக்கிள் வந்த நாளிலிருந்து அது அங்கேயே கிடந்தது. அவள் அதன்மேல் சாய்ந்துகொண்டு ஸ்வெட்டர் பின்னுவாள். “ஓட்டத் தெரியாதவளுக்கு எதுக்குக்கா சைக்கிள்?” என்று கேட்பேன். “சாஞ்சுக்கத் தெரியும்லடா” என்பாள்.

“எச்சரிக்கை ஃபோன் குடுத்தோமே,” என்றார் மேடம் மெல்ல. “யானை ஊர்ப்பக்கம் திரும்புனா சத்தம் போடுற மாதிரி. வீட்டுக்கு ரெண்டோ மூணோ. எச்சரிக்கை போயிருக்கு எபி. ஆறு மணி எட்டு நிமிஷம். முப்பத்தொண்ணும் போய்ச் சேந்திருக்குன்னு பதிவாயிருக்கு.”

“அந்த முப்பத்தொண்ணும்தான் மரத்துல தொங்குது.”

“ஆனா எச்சரிக்கை ஃபோனை வீட்டுக்குள்ளதான வைக்கணும்?”

“சிக்னல் இல்லாத வீட்டுக்குள்ளயா?”

அதற்குப் பதில் என்னிடம்தான் இருந்தது. பெட்டி பெட்டியாக வந்த அந்த ஃபோன்களைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியது நான்தான். எங்கே வைப்பது என்று கேட்டார்கள். பழைய ஃபோன்களோடு மரத்தில் மாட்டுங்கள், முறைக்காரர் கூவுவார் என்று சொன்னது நான்தான். பழைய ஃபோன்களை விற்றுவிட்டு எல்லோரும் புதியதையே வைத்துக்கொண்டபோது அதுவும் நல்லது என்றேன். எங்களுக்கு அது அவ்வளவு இயல்பான விஷயம். தண்ணீரைக் குடத்தில் வைப்பது போல.

அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தயம். எதிர்மேட்டில் தொடக்கக் கோட்டில் நான் கொடி பிடித்து நின்றேன். ஆள் உயர ஸ்பீக்கர்களில் பாட்டு அதிர்ந்தது. முந்நூறு சைக்கிள்கள். அந்த நேரத்தில், பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஒரு மரத்தில் முப்பத்தொரு ஃபோன்கள் ஒன்றாக அலறியிருக்கின்றன. யானை வருகிறது, யானை வருகிறது என்று. மரம் என்ன செய்யும்?

அன்றைக்கு மரத்து முறை அக்காவுடையது. கூவியிருப்பாள். எங்கள் பாட்டு அவள் குரலை விழுங்கியிருக்கும். பிறகு கீழே ஓடினாள். வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். எல்லோரையும் பின்பக்க ஓடைக்குத் துரத்தினாள். கடைசி வீட்டில் மாசிலாமணியின் மனைவி பிரசவித்துப் பதினோரு நாள். குழந்தையையும் அவளையும் வெளியே தள்ளிவிட்டுத் திரும்பியபோது சுவர் அக்கா மேல் விழுந்தது. யானைகள் மீது எனக்குக் கோபமில்லை. குட்டியோடு ஒன்பது, இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே, திரும்ப வழி இல்லாமல், எல்லாப் பக்கமும் தங்கள் குரலே தங்களைத் துரத்த மாட்டிக்கொண்டவை. எங்கள் பாடியின் ஓரமாக அவை காலங்காலமாகப் போய் வந்தவைதான். சத்தம் போடாமல் உள்ளே இருப்போம், போய்விடும்.

“வர்ற ஞாயிறு மறுபடி பந்தயம்,” என்றேன். “மறுபடியும் அங்கதான் தள்ளும். ஆமாவா இல்லையா?”

“ஆமா.”

“படத்துல ஆறாம் பாடியில ஆள் இருக்குன்னு எழுதுங்க. ஒரு வரி. நீங்கதான எழுதுனீங்க?”

“எழுதுனேன்.”

“எப்போ?”

“போன வாரம். இருபது நிமிஷத்துல அழிச்சிட்டாங்க. மறுநாளும் எழுதுனேன். என் அனுமதியைப் பறிச்சிட்டாங்க. ஆறாம் பாடியில ஆள் இருக்குன்னு ஒத்துக்கிட்டா யானை போக அந்தப் பக்கம் வழி இல்ல. வழி இல்லன்னா சிஸ்டம் நாலாம் தடத்தைத் திறக்காது. நாலாம் தடம் இல்லன்னா பந்தயமே இல்ல.”

“அதுக்காக?”

“எபி, கத்தாதீங்க.”

கத்தியது கீழே கேட்டிருக்க வேண்டும். மரப்படியில் காலடி கேட்டது. ஹர்ஷவர்தன் சார் வந்தார். திட்டத்துக்கு அவர்தான் தலைவர். தலைக்கவசத்தைக் கழற்றாமல், சேறு தெறித்த கால்சட்டையோடு நின்றார். நல்ல ஓட்டக்காரர். அதுவும் உண்மை.

“எபி! எப்படி இருக்கீங்க? உங்க அக்கா விஷயம் கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல.”

“ஆறாம் பாடியில ஆள் இருக்கு சார்.”

“அதைப் பத்திப் பேசுனோமே. ரெவின்யூ ரெக்கார்ட்படி அந்தக் குடியிருப்பு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே காலி பண்ணியாச்சு. கரென்ட் இல்ல, கதவு எண் இல்ல. நான் எப்படி இருக்குன்னு போடுவேன்? நாளைக்குக் கோர்ட்ல கேப்பான்ல? மாத்து வீடு தர்றோம்னு சொன்னோம். நீங்கதான் வரல.”

“நாப்பது கிலோமீட்டர் தள்ளி, பஸ் போகாத எடத்துல.”

“அதையும் பேசலாம். இப்ப வேண்டாம். பாருங்க, ஞாயித்துக்கெழமை ஸ்டார்ட்டிங்ல உங்க அக்காவுக்காக ஒரு நிமிஷம் மௌனம். நானே மைக்ல சொல்றேன். பாட்டை நிறுத்திடுவோம்.”

“ஒரு நிமிஷம்.”

“ஆமா.”

“போன தடவ அந்த ஒரு நிமிஷம் பாட்ட நிறுத்தியிருந்தா அவ கூவுனது கேட்டிருக்கும் சார்.”

அவர் மேடத்தைப் பார்த்தார். “இவரை யார் உள்ள விட்டது?” என்று கேட்கவில்லை. ஆனால் அப்படித்தான் பார்த்தார். பிறகு, “மிருதுளா, அஞ்சு நிமிஷம்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். படியில் அவர் காலணிகள் டக் டக்கென்று ஒலித்தன.

“உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்,” என்றார் மேடம். “காட்டணுமா வேண்டாமான்னு நாலு வாரமாத் தெரியல. இன்னிக்கு உங்களை உள்ள விடச் சொன்னதே இதுக்குத்தான்.”

திரையில் அதே ஞாயிறு, அதே மேடு. மணி ஆறு எட்டு. முப்பத்தொரு மஞ்சள் புள்ளிகளும் சிவப்பாகத் துடித்தன.

“இங்க பாருங்க.”

மணி ஆறு பத்து. ஒரு புள்ளி மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்தது. மெதுவாக நகர்ந்தது, பிறகு வேகமெடுத்தது. நாலாம் தடத்தின் நீலக் கோட்டின்மேல் ஏறி, கீழ்நோக்கிப் பாய்ந்தது. அதன் பக்கத்தில் எழுத்து தோன்றியது: விருந்தினர் 17.

இந்த முறை உட்கார்ந்துவிட்டேன்.

விருந்தினர் 17 யார் என்று இந்த மலையில் சைக்கிள் ஓட்டும் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாலாம் தடத்தில் வேர்ப்படி என்று ஓர் இறக்கம். நான் வைத்த பெயர்தான். தொள்ளாயிரம் மீட்டர் தூரத்துக்கு வேர்கள் படிக்கட்டு போலத் துருத்திக்கொண்டிருக்கும். கீழே இறங்கும் ஒவ்வொருவரின் நேரத்தையும் கம்பங்கள் தானாகவே குறித்துப் பட்டியல் போடும். என்னுடைய சிறந்த நேரம் மூன்று நிமிடம் இருபது. தேசியப் போட்டிகளில் ஓட்டும் ஒருவர் மூன்று இரண்டில் இறங்கினார். நான்கு வாரத்துக்கு முன் பட்டியலின் தலையில் ஒரு புதிய வரி வந்தது. விருந்தினர் 17. இரண்டு நிமிடம் நாற்பத்தொன்று. எவனோ வெளிநாட்டுக்காரன், பதிவு செய்யாமல் ஓட்டியிருக்கிறான் என்றார்கள். வாட்ச்மேன் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, துக்கத்துக்கு நடுவிலும், யார் அந்தப் பாவி என்று நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

“பதினேழாம் நம்பர் எச்சரிக்கை ஃபோன்,” என்றார் மேடம். “யார் பேருக்குக் குடுத்ததுன்னு லிஸ்ட்ல பாத்தேன்.”

“அவளுக்கு ஓட்டத் தெரியாது.”

“எபி…”

“தெரியாது மேடம்! சாஞ்சுக்கத்தான் தெரியும்.”

ஆனால் சொல்லும்போதே தெரிந்துவிட்டது. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் என் பழைய சைக்கிள், தடம் பாடிப் பக்கம் வளையும் இடத்தில், உண்ணிச்செடிக்குள் கிடைத்தது. முன்சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. எவனோ டூரிஸ்ட் எடுத்து ஓட்டிவிட்டு எறிந்திருக்கிறான் என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன். பின் பிரேக் மட்டும் வேலை செய்யும் சைக்கிள் அது. அதில் வேர்ப்படியை இறங்கியிருக்கிறாள். நான் மரத்தடியில் இல்லாத எத்தனை மத்தியானங்களில், யாரும் பார்க்காத எத்தனை இறக்கங்களில் அவள் விழுந்து எழுந்து பழகியிருப்பாள்? முழங்கால் காயத்தைக் கேட்டால் தேயிலைக் குச்சி என்பாள்.

எனக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது. இரண்டு நாற்பத்தொன்று.

“இதுல காட்டத் தயங்க என்ன இருக்கு?” என்றேன்.

அவர் திரையில் இன்னொன்றைக் காட்டினார். தடத்தின் வளைவில், ஓடைநாணல் பக்கத்தில், ஒன்பது வெள்ளைப் புள்ளிகள். நின்றுகொண்டிருந்தன.

“யானைங்க. ஆறு எட்டுக்குப் பாடிப் பக்கம் திரும்புச்சு, எச்சரிக்கை போச்சு. ஆனா நாணலைப் பாத்ததும் நின்னுடுச்சு. தின்னுட்டு இருந்துச்சு. ஒருவேளை அப்படியே…”

“அப்படியே?”

“சிஸ்டம் உங்க அக்காவை ஓட்டுறவங்கன்னு நெனச்சிடுச்சு எபி. தடத்து மேல, அந்த வேகத்துல ஒரு ஃபோன் வந்தா அது ஓட்டுறவங்கதான். அவங்களுக்கு முன்னால வழியைச் சுத்தம் பண்ணும். கம்பங்கள் முழு பலத்துல பேசும். அவங்க இறங்க இறங்க ஒவ்வொரு கம்பமா.”

திரையில் அக்கா இறங்கினாள். அவளுக்கு முன்னால் கம்பங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்தன. வளைவில் ஒன்பது புள்ளிகளும் சிதறி, கூடி, காலியாக இருந்த ஒரே பக்கம், பாடியை நோக்கி, சுற்றிக்கொண்டு ஓடின. விருந்தினர் 17 வளைவுக்கு வந்து, நீலக் கோட்டை விட்டு விலகி, அவற்றின் பக்கமாகவே திரும்பி, அணைந்தது. அங்கே சிக்னல் இல்லை.

அவள் யானைகளிடமிருந்து ஊரைக் காப்பாற்ற ஓடினாள். அவளைக் காப்பாற்றுவதற்காக அந்த இயந்திரம் யானைகளை ஊருக்குள் ஓட்டியது. உயிரோடு இருந்த காலமெல்லாம் அவளை ஆளாக எண்ணவில்லை. இரண்டு நிமிடம் நாற்பத்தொரு வினாடி மட்டும் எண்ணியது, அதுவும் வேறு யாரோ என்று.

நான் மேசையில் ஓங்கிக் குத்தினேன். டம்ளர் சரிந்து தண்ணீர் அவர் மடியில் கொட்டியது. அவர் துடைக்கவில்லை. அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகையும் எனக்குப் பிடிக்கவில்லை.

“பட்டியல்ல அவங்க பேரைப் போடறேன்,” என்றார். “அந்த அனுமதி மட்டும் இன்னும் எங்கிட்ட இருக்கு. ஜெபக்கனின்னு. எல்லாரும் பாக்கட்டும்.”

“போடாதீங்க.”

“ஏன்?”

“வர்றவன் எல்லாம் அந்த நேரத்த முறியடிக்கணும்னு இறங்குவான். எவனாவது முறியடிப்பான். கை தட்டுவீங்க. எங்க அக்கா பேர் ரெண்டாவதா நிக்கும். வேண்டாம்.”

அவர் கையைத் திரையிலிருந்து எடுத்தார். மணிக்கட்டில், கம்பெனி ஆட்கள் கட்டும் சாம்பல் நிறப் பட்டை மின்னியது. அதேபோல் ஒன்று முன்பு என் கையிலும் இருந்தது. அக்கா இறந்த மூன்றாம் நாள், நான் ஹர்ஷவர்தன் சாரின் சட்டையைப் பிடித்ததும், வெட்டி எடுத்துக்கொண்டார்கள். வெயில் படாத வெள்ளைக் கோடு இன்னும் போகவில்லை.

“அந்தப் பட்டை எங்க இருந்தாலும் தெரியும்ல?” என்று கேட்டேன்.

“இதுவா? தெரியும். இது டவர் வழியாப் போகாது, நேரா சாட்டிலைட். பள்ளத்துல இருந்தாலும் தெரியும்.”

“பட்டை இருக்குற பக்கம் யானையைத் தள்ளுமா?”

“தள்ளவே தள்ளாது. வேலை செய்யறவங்க, பணம் கட்டி ஓட்டுறவங்க, ரெண்டு பேருக்கும் இன்ஷூரன்ஸ் நிபந்தனை அது. அந்தப் பக்கத்துத் தடமே தானா மூடிக்கும்.”

“ஹர்ஷவர்தன் சார் நெனச்சா மாத்தலாமா?”

“யாராலயும் முடியாது. அதை மட்டும் யாரும் தொட முடியாத மாதிரி…”

நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தார். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

“அதைக் கழட்டிக் குடுக்கச் சொல்லல,” என்றேன்.

“கழட்டுனா வேலை செய்யாது எபி. நாடித்துடிப்பு இருந்தாத்தான்.”

“தெரியும். நானும் கட்டியிருந்தேன்ல.”

கீழே காபி மெஷின் சீறியது. யாரோ சைக்கிள் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதன் ஓசையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். படியில் மறுபடியும் காலடி.

“ரெண்டு வருஷமா இந்த மலையில இருக்கீங்க. கம்பம் இல்லாத எடத்துல எப்பவாவது நின்னிருக்கீங்களா மேடம்?”

அவர் தலையை அசைத்தார். இல்லை.

காலடி நெருங்கியது. நான் எழுந்தேன். கவிழ்ந்த டம்ளரை நிமிர்த்தி வைத்தேன். என் கோபம் இறங்கவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்று முதல்முறையாகத் தெரிந்தது.

“ஞாயித்துக்கெழமை காலைல ஆறு மணிக்கு எங்க அக்கா வீட்டு வாசல்ல ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். சுவர் இல்ல, வாசல் இருக்கு. மாசிலாமணி சம்சாரம் பக்கத்துலயே புள்ளையோட இருக்கும். நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம், யார்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். பட்டையைக் கட்டிக்கிட்டு வந்து, பந்தய நேரம் முடியுற வரைக்கும் எங்களோட உக்காந்திருங்க. வாங்க மேடம்.”